அப்டேட்: உடனே போடுவதா, பொறுத்துப் போடுவதா?

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 என்ற பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டது. கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபைல்களைப் பகிர உதவும் எஸ்எம்பி சேவையில் இருந்த ஓட்டையை அடைக்கத்தான் அது. ஏப்ரல் 14 அன்று, அந்த ஓட்டை வழியாக நுழைய உதவும் எடர்னல்புளூ கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் பரவியது. அப்டேட் வந்ததிலிருந்து அதுவரை கிடைத்தது 59 நாள்.

முதல் வழி, வந்தவுடன் போட்டுவிடுவது. அப்படிப் போட்டவர்களின் கம்ப்யூட்டருக்குள் வன்னாக்ரையால் அந்த ஓட்டை வழியாக நுழைய முடியவில்லை. ஆனால் இதிலும் ஆபத்து உண்டு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் ஓட்டைகளுக்காக வந்த விண்டோஸ் அப்டேட்டைப் போட்டதும், பழைய ஏஎம்டி சிப் உள்ள சில கம்ப்யூட்டர்கள் பூட் ஆகவே இல்லை. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் தருவதையே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது.

அதனால்தான் பலர் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள்: இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பில்லிங்கும் பிரிண்டரும் ஒழுங்காக ஓடினால் மற்றவற்றிலும் போடுவது. நல்ல வழிதான். பத்து நாள் எடுத்துக்கொண்டாலும் வன்னாக்ரைக்கு முன் 49 நாள் மிச்சம் இருந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், தேதி குறிக்காமல் பொறுத்தால் அது அப்படியே மறந்துபோகும். அப்டேட் போடச் சொல்லி இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் அமைப்புகளுக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கை போயிருந்தது. அப்படியும், மருத்துவமனைகளை நடத்தும் 236 டிரஸ்ட்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் அதிகமான மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீடு அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையில் இருக்கிறது. டாக்டரைப் பார்க்க நாள் குறித்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். இதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது.

மூன்றாவது, அப்டேட் போடாமல், அந்த ஓட்டை இருந்த எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பை மட்டும் அணைத்துவைப்பது. இரண்டு நிமிட வேலை, ஒரு ரீஸ்டார்ட். ஆனால் பழைய ஜெராக்ஸ் மெஷின் உள்ள ஆபீஸில் இதைச் செய்தால், ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு வராமல் போகலாம், ஏனென்றால் பல பழைய மெஷின்களுக்கு அந்தப் பதிப்பு மட்டும்தான் தெரியும். அப்புறம் யாராவது பொறுமையிழந்து அதை மறுபடி ஆன் செய்துவிடுவார்கள். அப்டேட் போடும்வரை தள்ள இது உதவும், அவ்வளவுதான்.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் யோசிக்காமல் முதல் வழிதான். முக்கியமான ஃபைல்களுக்கு வெளியே ஒரு நகல் இருக்கட்டும். பத்து இருபது கம்ப்யூட்டர் உள்ள இடத்தில் இரண்டாவது, ஒரு வாரக் கெடுவோடு. ஓட்டை வழியாகத் தாக்குதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் அந்த ஒரு வாரமும் கிடையாது.

எந்த வழி என்றாலும் ரீஸ்டார்ட்டை விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் லேப்டாப் மூடியை மட்டும் மூடிவிட்டுப் போவார். அப்டேட் டவுன்லோடு ஆகி, ‘ரீஸ்டார்ட் தேவை’ என்று மூன்று வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் ஓட்டை திறந்தேதான் கிடந்தது.