கார்பன் பிளேட் ஷூ: வேகம் சரி, அடியில் இருக்கும் பள்ளம்தான் பிரச்சினை

புது மாடல் வந்துவிட்டதால் நான் போட்டு ஓடும், ஃபோமுக்குள் விறைப்பான கார்பன் தகடு (பிளேட்) வைத்த ஷூவின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஓட்டக் குழுவில் ஆளாளுக்கு "வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது. பிராண்ட் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை, அடிப்பாகம் இதே மாதிரி இருக்கிற எல்லா ஷூவுக்கும் பொருந்தும். எடை, அடிப்பாகத்தின் உயரம் போன்ற கணக்கெல்லாம் கேட்பவர்களுக்கே மனப்பாடம் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியாயிற்று. இதன் ஃபோமுக்கு ஈடாக நான் வேறொன்றைப் போட்டதில்லை. பெபாக்ஸ் வகை ஃபோம், அமுக்கினால் உடனே திரும்பி எழும்பும். ஹாஃப் மராத்தானில் பதினாறாவது கிலோமீட்டர் தாண்டியதும் ஆடுசதை இறுகி, கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கட்டம் இதில் தள்ளிப்போகிறது. அதைவிடப் பெரிய சந்தோஷம் மறுநாள் காலையில். லாங் ரன் ஓடிய மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சுமே, அது பாதியாகக் குறைந்துவிட்டது. வாரம் முழுக்க வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மேல்துணியும் சென்னைக்கு ஏற்றது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து கிலோமீட்டருக்குள் வியர்வை முழங்கால் வழியாக ஷூவுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் தலையில் ஊற்றிக்கொள்வதும் அங்கேதான் போய்ச் சேரும். தினப் பயிற்சிக்கு நான் போடும் சாதாரண ஷூ அந்த ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகும். இது தேக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. கயிறு வழுக்கும், இரட்டை முடிச்சுப் போட்டால் சரி. முன்பாதம் அகலமானவர்கள் அரை சைஸ் பெரிதாக எடுக்க வேண்டும்.

இனி பள்ளத்துக்கு வருகிறேன்.

ஷூவைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலில் ஆரம்பித்து நடுப்பாதம் தாண்டி ஒரு நீளப் பள்ளம் போகிறது. அதன் ஆழத்தில் கார்பன் பிளேட் கறுப்பாக மின்னும். கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் இறங்கி ஓடினால்தான் தெரியும். சாலை விரிவாக்க வேலை, மணல் லாரி, ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும் ஜல்லி. அதிலும் கால் அங்குல ஜல்லி இருக்கிறதே, அது அந்தப் பள்ளத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் 'டக், டக்' என்று பிளேட்டில் இடிக்கும். சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், கல் கொஞ்சம் பெரிதாக இருந்தால் பாதம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நின்று, ஒற்றைக் காலில் ஷூவைத் தூக்கி, சாவியால் நெம்பி எடுக்க வேண்டும். சீரான வேகத்தில் விரட்டி ஓடும் டெம்போ ஓட்டத்தின் நடுவில் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்த நேரத்தில் இப்படி நிற்க வேண்டியிருந்தால் எப்படி இருக்கும்? ஒரே காலையில் இரண்டு மூன்று தடவை நின்ற நாட்களும் உண்டு.

பள்ளம் வைப்பது எடையைக் குறைக்க. அந்த அளவுக்கு ஃபோமும் ரப்பரும் மிச்சம். ஒரு ஷூவுக்கு நூறு கிராம் கூடினால் சுமார் ஒரு சதவீத ஆற்றல் கூடுதலாகச் செலவாகும் என்பது ஆய்வுகளில் தெரிந்த கணக்கு. அப்படியானால் இந்தப் பள்ளத்தை மெல்லியதாக மூடினால் கூடும் சில கிராமுக்கு எவ்வளவு நஷ்டம் வந்துவிடும்? பிளேட்டை வெளியே காட்டுவதற்கும் பெரிய நியாயம் இல்லை. நைக்கி வேப்பர்ஃபிளை ஷூவின் பிளேட்டைக் குறுக்கே வெட்டிவிட்டு ஓடவைத்துச் சோதித்திருக்கிறார்கள். வெட்டியதற்கும் வெட்டாததற்கும் ஆற்றல் செலவில் ஒரு சதவீத வித்தியாசம்கூட வரவில்லை. வேலையில் பெரும்பங்கைச் செய்வது ஃபோம், பெயர் மட்டும் பிளேட்டுக்கு.

இந்த வகை ஷூ வெளிச்சத்துக்கு வந்த இடங்களை யோசித்தால், ஜல்லியைப் பற்றி யாரும் யோசிக்காததன் காரணம் புரிகிறது. 2017 மே மாதம் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 2:00:25 நேரத்தில் ஓடியது இத்தாலியில் மோன்ஸா கார் பந்தயத் தடத்தில். 2019 அக்டோபரில் 1:59:40 ஓடியது வியன்னாவில், ஒரு பூங்காவின் நேர்ச்சாலையில். அந்த ஓட்டத்துக்காகச் சில பகுதிகளில் புதிதாகத் தார் போட்டே கொடுத்தார்கள். அப்படிப்பட்ட தரையில் ஜல்லிக்கு ஏது இடம்? 2020இல் உலகத் தடகள அமைப்பு விதி போட்டபோது அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, ஒரு பிளேட்தான் இருக்கலாம் என்றது. நம் சாலையில் ஓடுகிறவனின் கஷ்டம் அந்த விதியின் வேலை இல்லைதான், ஷூ செய்கிறவர்களின் வேலை. இந்தியாவில் கடை திறந்து இந்திய விலை போட்டு விற்கிறவர்கள் இந்தியச் சாலையில் நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

கோபம் கூடியதற்கு இன்னொரு காரணம் உண்டு. கல் நெம்பி நெம்பிப் பள்ளத்தின் ஓரத்திலிருந்த ரப்பர் பட்டை உரிய ஆரம்பித்தது. கடையில் காட்டினேன். "இது சாதாரணத் தேய்மானம் சார், வாரண்டியில வராது" என்று சொல்லிவிட்டார்கள். தேய்ந்தால் நடுவில் தேய்ந்திருக்க வேண்டும், ஓரம் மட்டும் ஏன் உரிகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

கடைசியில் எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவை வாங்கி, கட்டைவிரலால் ஃபோமை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி ஏத்தக் கூடாது தம்பி, கிழிஞ்சிடும். சூடும் காட்டக் கூடாது. ஒட்டித்தான் தரணும்" என்றார். உரிந்த பட்டையின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தார். இரண்டு பக்கமும் சொல்யூஷனை விரலால் மெலிதாகத் தடவி, ஊதி, கொஞ்ச நேரம் காயவிட்டு, அப்புறம்தான் அமுக்கினார். அதன்மேல் ரப்பர் டியூப்பை இறுக்கிச் சுற்றி, "நாளைக்குத்தான் அவுக்கணும்" என்று கையில் கொடுத்தார். அந்த ஒட்டு இன்றுவரை விடவில்லை, தொழிற்சாலையில் ஒட்டிய மற்ற ஓரங்கள்தான் இப்போது தூக்குகின்றன.

பேஸ், அதாவது ஓடும் வேகம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நைக்கி விளம்பரத்தில் வந்த நான்கு சதவீத ஆற்றல் மிச்சம் என்பது 2017இல் கொலராடோவில் 18 வேகமான ஓட்டக்காரர்களை மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவைத்துப் பார்த்த கணக்கு. நம்மில் பலர் கிலோமீட்டருக்கு ஐந்து, ஆறு நிமிடத்தில் ஓடுகிறவர்கள். அந்த வேகத்தில் பார்த்த பின்னாளைய ஆய்வில் சராசரி லாபம் ஒன்றரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. மெதுவாக ஓடும்போது குதிகால் ஆடுவதும் உண்மை, யூ-டர்னில் கணுக்காலுக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கிறது. ஃபோமின் உயிரும் சில நூறு கிலோமீட்டர்தான். பந்தயத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள், ஆனால் லாங் ரன்னில் போட்டுப் பழகாத ஷூவை மராத்தானுக்குப் போட முடியாது. பழக வேண்டிய சாலையோ இதுதான்.

மேலே எழுதியதை நானே திரும்பப் படித்துப் பார்த்தேன், பாராட்டுத்தான் கனமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள், இந்தத் தள்ளுபடி விலைக்கும் வேண்டாம். அடிப்பாகம் முழுக்க மூடியிருக்கும் வேறு கார்பன் ஷூ கிடைத்தால் அதைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பிளேட் இல்லாத, இதே வகை ஃபோம் உள்ள ஷூ ஒன்று எடுங்கள், கால் வலி குறைவதற்கு அது போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சாலையின் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி ஓடுங்கள். வண்டி வருவதற்கு முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்குள் முடியும் தூரத்துக்குத்தான் அது சரிப்படும்.

ஷூ செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பத்து கிராம் கூடினாலும் பரவாயில்லை, அந்தப் பள்ளத்தை மூடிக் கொடுங்கள். விலையை ஏற்றினால்கூட நான் வாங்குவேன்.