கிரவல் ரோட்டுக்கு றேசிங் சைக்கிள் எடுக்கிறாக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ

85,000 ரூபா குடுத்து ஏமாந்து போனன். இன்னொராள் ஏமாறக்கூடாது.

எங்கட வீடு மாங்குளம் - முல்லைத்தீவு ரோட்டில இருந்து உள்ளுக்கு ஆறு கிலோமீற்றர். அவ்வளவும் கிரவல். மழை கழுவிக்கொண்டு போனாப் பிறகு கல்லு மட்டும் மேல நிக்கும், வெயிலுக்கு கூரைத் தகரம் மாதிரி வரி வரியாக் கிடக்கும். இதெல்லாம் விபரமாச் சொல்லித்தான் கடையில கேட்டனான். கடைக்காரர் வெளிநாட்டுப் பழைய றேசிங் சைக்கிள் ஒண்டைக் காட்டி, "தம்பி, இது எந்த ரோட்டுக்கும் பஞ்சு மாதிரி ஓடும். வேணுமெண்டா பிறகு பெரிய ரயர் போட்டுத் தாறன்" எண்டார். கடை வாசல் காப்பெற் ரோட்டில ஓடிப் பாத்தன். அதில நல்லாத்தான் ஓடிச்சுது.

ரெண்டு கிழமையில அஞ்சு பஞ்சர். வீட்ட வந்தா கை விறைச்சு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கேலாது. "காத்தைக் குறைச்சு ஓடுங்கோ" எண்டார். குறைச்சன். அடுத்த நாள் பின் ரியூப்பில பாம்பு கொத்தினமாதிரி பக்கத்துப் பக்கத்தில ரெண்டு ஓட்டை. அது 23 மில்லிமீற்றர் ரயர். காத்துக் குறைஞ்சா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில ரியூப் நசியும். காத்தை 100 பிஎஸ்ஐ (காத்தழுத்தக் கணக்கு) மட்டில அடிச்சா ஒவ்வொரு கல்லும் முள்ளந்தண்டில தெரியும்.

பெரிய ரயர் போடக் கொண்டுபோனன். 32 மில்லிமீற்றர் ரயர் பிறேக்கில இறுகி, சில்லு அசையேல்லை. 28 சுத்திச்சுது, ஆனால் ஒரு கொப்பி மட்டை போற இடைவெளிதான். ஈரக் கிரவல் ஒட்டினவுடன போக்கை, அதுதான் முன் சில்லு பூட்டியிருக்கிற கவையை, அராவத் தொடங்கீட்டுது. காசைத் திருப்பிக் கேக்க, "நீர் ஓடிப் பாத்துத்தானே எடுத்தனீர்" எண்டிட்டு மற்ற ஆளோட கதைக்கத் திரும்பீட்டார். காசு போனதை விட அந்த "நீர்" தான் கூடச் சுட்டது. பில் தரேல்லை, கேக்காதது என்ர பிழை.

ரயர் பக்கத்தில 700 எண்டு ஒரு நம்பரும், ஒட்டினமாதிரி இன்னொரு நம்பரும் இருக்கும். அந்த ரெண்டாவது தான் அகலம். எங்கட ரோட்டுக்குக் குறைஞ்சது 35 மில்லிமீற்றர் வேணும், 50 பிஎஸ்ஐயோட சுகமா ஓடலாம். அந்த ரயரைப் பூட்டச் சொல்லி, சில்லைச் சுத்திப் பாத்து, போக்குக்கும் ரயருக்கும் நடுவில சின்னி விரல் போகுதோ எண்டு பாத்த பிறகு காசைக் குடுங்கோ. மெத்தைச் சீற்றைக் காட்டினா நம்பாதேங்கோ, கையில வாற அதிர்வுக்கு சீற் ஒண்டும் செய்யாது. ரியூப்பில காத்தடிக்கிற வால்வு மெல்லிசா இருந்தா எங்கட பம்பு பிடியாது, அதுக்குரிய சின்னப் பித்தளைத் தலையையும் கேட்டு வாங்குங்கோ.

போன கிழமை அந்தப் பக்கம் போனன். கடை முன்னுக்கு இதே மாதிரி இன்னும் ரெண்டு தொங்குது. பள்ளிக்கூடச் சட்டையோட ஒரு பெடியன் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டான். கிட்டப் போய் ரயரில இருந்த நம்பரைக் காட்டிப்போட்டு வந்தன்.