ஐஸ் இல்லாமல் கம்போரோ தடுப்பு மருந்து வாங்காதீர்கள்

நாட்டுக்கோழி வளர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போங்கள்.

போன மே மாதம் 600 குஞ்சு இறக்கினேன். 14-ஆம் நாள், குஞ்சுகளைக் கொல்லும் கம்போரோ என்ற நோய்க்குத் தடுப்பு மருந்து போட வேண்டும். வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று ராசிபுரம் பக்கம் வேறொரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேஜைமேல் கிடந்த குப்பியை எடுத்துக் கேரி பேக்கில் போட்டு நீட்டினார். ஐஸ் கேட்டேன். "அரை மணி நேரத்துல வீட்டுக்குப் போயிருவீங்க, ஒண்ணும் ஆகாதுங்ண்ணா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மற்றதெல்லாம் முறைப்படிதான் செய்தேன். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்து, கிணற்றுத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்து, அதில் மருந்தைக் கலந்து கொடுத்தேன்.

26-ஆம் நாள் செட்டுக்குள் போனால் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தலை கவிழ்ந்து நிற்கின்றன. வெள்ளையாகத் தண்ணீர்க் கழிச்சல். அன்று 9 செத்தன, மறுநாள் 31, அதற்கடுத்த நாள் 52. அதே கடைக்கே ஓடினேன். ஆன்டிபயாடிக், டானிக் என்று 1,850 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, அப்புறம் தருகிறேன் என்றார்.

கடைசியில் செத்த குஞ்சுகளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அறுத்துக் காட்டினார். தொடைக்கறியில் சிவப்புச் சிவப்பாக ரத்தத் தீற்றல். மலவாய்க்கு மேலே பர்சா என்று ஒரு சின்னப் பை, குஞ்சுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி உருவாகிற இடம். அது வீங்கி, ரத்தம் கோத்து, கறுப்புத் திராட்சை மாதிரி இருந்தது. கம்போரோவேதான். (அமெரிக்காவில் இந்த நோய் முதலில் தெரியவந்த ஊரின் பெயராம் அது.) இது வைரஸ், ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாது, வெல்லத் தண்ணீரும் எலக்ட்ரோலைட்டும் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஒரு வாரத்தில் சாவு நின்றது. மொத்தம் 138 போயிருந்தது. தப்பியவற்றுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் என்கிற வேறொரு நோய்) தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காது என்றார்.

அந்தக் குப்பியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் உள்ளே உயிரோடு இருக்கும் வீரியம் குறைத்த கிருமி செத்துவிடும், அப்புறம் மருந்து வேலை செய்யாது, வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கடைக்குப் பக்கத்து டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது: மருந்துக் கடைக்காரர் ராத்திரி பூட்டும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போவாராம். ஃபிரிட்ஜும் சேர்ந்துதானே அணையும்!

போய்க் கேட்டேன். "உங்க தண்ணியில குளோரின் இருந்து மருந்தைக் கொன்னிருக்கும்" என்றார். என் கிணற்றில் ஏது குளோரின்? தடுப்பு மருந்து தவற வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். கையில் பில்லும் இல்லை, ஆகவே வழக்குக்கும் வழியில்லை.

இப்போது மருந்து வாங்கப் போனால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போகிறேன். என் கண் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கச் சொல்கிறேன். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பில்லில் எழுதித் தராத கடையில் வாங்குவதில்லை. இந்தக் கிருமி செட்டில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். தரையில் பரப்பியிருந்த பழைய மஞ்சியை அள்ளிக் கொட்டி, சுண்ணாம்பு அடித்து, செட்டைக் காலியாகப் போட்டிருக்கிறேன்.