எழும்பூரில் லேமினேட் ஆன கொள்ளுத்தாத்தா

சென்னையில் யாரிடமாவது பழைய காகிதத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்டு என்று 1895-இல் சட்டம் போட்டார்கள். மனுஷர் கப்பலேறித் திரும்பிவிட்டார். கூலி ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்றிதழ் மட்டும் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் ஓரத்தில் ஓர் எண். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒவ்வொருவருக்கும் அப்படி ஓர் எண் உண்டு. அதை வைத்துக் கப்பல் பட்டியலில் தேடினால் அப்பா பெயர், ஊர், சாதி, உடம்பிலுள்ள தழும்பு வரை பார்த்துவிடலாம். 1860-இல் போன முதல் கப்பலான ட்ரூரோவுக்கே பட்டியல் இருக்கிறது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கொடுக்கும் மனுவோடு இணைக்க ஒரு ஜெராக்ஸ் வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் பேனா வாங்கிவிட்டு வருவதற்குள் கடைப் பையன் அதை லேமினேட் செய்துவிட்டான். சூடு ஆறாமல், பளபளவென்று.

“பிஞ்சு போற மாதிரி இருந்துச்சுக்கா. இனி தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது.”

ஓரம் பிசிறாக இருந்ததாம், கட்டரில் நேராக நறுக்கியும் விட்டான். எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காணோம்.

லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாசிப்பறைக்குள் பேனாவையே விடமாட்டார்கள், பென்சில்தான். இங்கே நூறு வருஷத்துக் காகிதத்துக்கு ரேஷன் கார்டு மரியாதை! பிரிக்கலாம் என்றால் காகிதமும் கூடவே உரிந்து வரும். மார்க் ஷீட்டை லேமினேட் செய்துவிட்டு அட்டெஸ்டேஷனுக்கு அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. பையன் பதில் பேசாமல் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தான். ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், யாருடைய போட்டோவிலிருந்தோ வெட்டிய ஓரம். நகல் எடுக்க வந்த காலேஜ் பையன்கள் உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்கள். இட்லி பார்சலோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரும் சேர்ந்துகொண்டார். லண்டனாக இருந்தால் புகார்ப் படிவத்தை நீட்டியிருப்பார்கள், சரி, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

தீக்குச்சி அகலத்தில் பழுப்புத் துண்டு ஒன்று பெரியவர் கையில் சிக்கியது. முதல் இலக்கம் 4. அடுத்தது 7-ஆ, 1-ஆ என்று அங்கேயே பட்டிமன்றம். எல்லாரும் 7 என்றார்கள், கடைப் பையன் மட்டும் 1-லேயே நின்றான். துண்டையும் லேமினேட் செய்து தருகிறேன் என்றான், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு எண்ணையும் பட்டியலில் தேட வேண்டும். எது எங்கள் ஆள் என்பதை ஊர்ப் பெயர் காட்டிக் கொடுத்துவிடும்.