பஃபலோவில் டிம் ரஸர்ட்டின் அறை

ரொறொன்ரோவிலிருந்து பஃபலோவுக்குக் காரில் போகிற எங்கட ஆட்கள் பெரும்பாலும் கடைகளோடு திரும்பிவிடுவார்கள். டெலவெயர் பூங்கா ஓரத்திலுள்ள வரலாற்று நூதனசாலையையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். 1901 பான் அமெரிக்கன் கண்காட்சிக்கு எழுப்பியவற்றில் நிலைத்து நிற்கவென்றே கட்டிய ஒரே கட்டடம் அது. வெள்ளைச் சலவைக்கல், கிரேக்கக் கோயில் தூண்கள். நான் போனது உள்ளே வைத்திருக்கும் டிம் ரஸர்ட்டின் அலுவலக அறைக்காக.

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘மீட் த பிரஸ்’ என்ற அரசியல் பேட்டி நிகழ்ச்சியை 1991 டிசம்பர் தொடக்கம் நடத்தியவர் ரஸர்ட். 2008 ஜூன் 13இல் வேலைத்தலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார், 58 வயதில். அவருடைய மேசை, புத்தகங்கள், பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சாமான்கள் எல்லாம் முதலில் வாஷிங்டனில் நியூசியம் என்ற செய்தித்துறை நூதனசாலையில் இருந்தன. 2014இல் பிறந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். ‘முணுமுணுக்காதிருப்பாயாக’ என்று பத்துக் கட்டளைப் பாணியில் ஒரு மரப்பலகையும் உண்டு. அதன் முன்னால் கனநேரம் நின்றேன்.

ரஸர்ட்டின் தகப்பன் பஃபலோ நகரசபையின் குப்பை அகற்றும் பகுதியில் வேலை செய்தவர். பத்திரிகை விநியோக லொறியும் ஓட்டினார். பள்ளிக்கூடப் பத்திரிகைக்கு மகனை ஆசிரியராக்கியவர் லூசில் என்ற கன்னியாஸ்திரி. அதன்பிறகு இயேசு சபையாரின் கனிசியஸ் உயர்பள்ளி, கிளீவ்லாந்தில் ஜோன் கரோல் பல்கலைக்கழகம். கனிசியஸில் ஒழுங்கு பார்த்த ஸ்டேர்ம் சுவாமி, இரக்கம் காட்டக் கேட்ட பெடியனிடம், “இரக்கம் கடவுளுடைய வேலை, நான் கொடுப்பது நீதி” என்றாராம். ரஸர்ட் கடைசிவரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை அது.

மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்த எனக்கு அந்தக் குரல் நன்றாகப் பழக்கம். எங்களுக்கும் அமெரிக்க இயேசு சபைச் சுவாமிமார்தான், லூசியானாவிலிருந்து வந்தவர்கள். வெபர் சுவாமியின் பெயரில் ஊரில் மைதானமே இருக்கிறது. கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபேர் சுவாமி 1990 ஆகஸ்ட் 15இல் காணாமற்போனார். அவருக்கு என்ன நடந்தது என்று அதிகாரத்தில் இருந்தவர்களை இருத்திவைத்துக் கேட்க ஒரு ரஸர்ட் எங்களுக்கு இருக்கவில்லை. அந்த மேசையைப் பார்த்தபோது மனதில் அதுதான் ஓடியது.

ஏனென்றால் ரஸர்ட் சத்தம் போட்டு மடக்குகிறவர் அல்ல. வருகிறவர் முன்பு சொன்னதையெல்லாம் தேடி எடுத்து, திரையில் போட்டு, அமைதியாகக் கேட்பார். பாடம் படிக்காமல் வந்தவனைச் சுவாமிமார் முதல் வாங்கிலேயே கண்டுபிடிப்பதுபோல. 1991இல் லூசியானா ஆளுநர் பதவிக்கு நின்ற, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கிடம், உங்கள் மாநிலத்தில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் உற்பத்தி நிறுவனங்கள் எவை என்று கேட்டார். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசி வாக்குக் கேட்ட மனிதருக்கு ஒரு பெயரும் வரவில்லை. இனவெறியைப் பற்றிய நூறு வசவுகளைவிட அந்த ஒரு கேள்வி ஆளை அம்பலப்படுத்தியது.

ஒற்றை அறைதான், பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அலுப்பாக இருக்கும். ஊடகம் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். போகமுதல் அந்த டியூக் பேட்டியைப் போட்டுக் காட்டுங்கள், அப்போதுதான் மேசை நிறையக் கடதாசி எதற்கென்று விளங்கும்.