அத்தானின் காரும் அரைக் கட்டி சவர்க்காரமும்

டொரண்டோவிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, முன் வாசலில் பெற்றோல் மணந்தது. அத்தானின் பழைய ஜப்பான் காருக்குக் கீழே கையகலத்துக்கு ஈரம்.

"அது ஒரு கிழமையா அப்பிடித்தான்" என்றார் அத்தான், கூரை ஒழுக்கைப் பற்றிச் சொல்வதுபோல.

குசினி யன்னல் அங்கிருந்து பத்தடிதான். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போய்க் கலையாமல் நிலத்தோடு பரவி, நெருப்பு இருக்கும் இடம் வரைக்கும் போகும். அக்காவிடம் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினைத் தொடாமல் காரைத் தள்ளி ஒழுங்கையில் விட்டோம்.

முதலில் அழைத்த கராஜ், காரைப் பார்க்காமலே புது டாங்கி போடச் சொன்னது. டொரண்டோவில் எனக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். விலையைக் கேட்டு நான் காரையே விற்றிருப்பேன். அத்தான் அசையவில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரைத் தட்டிக்கொட்டி ஓட்டுவது இங்கே ஒரு குடும்பக் கலையாகிவிட்டது.

பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் வாங்கப் போய்ப் பழக்கமான ஒரு மெக்கானிக் நானாவை அவர் கூப்பிட்டார். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்றுக்கே வந்து நின்றார். ஊர்க் கணக்கில் நாலரை என்று நினைத்துப் படுத்திருந்த என்னைத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

அதற்குள் அக்கா உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தில் அரைக் கட்டியை ஒழுகுமிடத்தில் அழுத்தித் தேய்த்திருந்தாள். சொட்டு நின்றிருந்தது! சவர்க்காரத்தைப் பெற்றோல் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். "ஒரு மழைக்குத் தாங்காது, ஆனா நல்ல வேலை" என்றார் நானா.

காட்போட் மட்டையை விரித்துக் கீழே போனவர், மேல் தகடும் கீழ்த் தகடும் சேரும் மடிப்பைத் தடவிப் பார்த்தார். "கறள் தம்பி. உள்ளுக்கிருந்தும் அரிச்சிருக்கு." 2022இல் பெற்றோல் வரிசையில் நிற்கப் பஞ்சிப்பட்டு, அத்தான் காரை மாதக்கணக்கில் அப்படியே விட்டிருந்தார். வெறும் டாங்கிக்குள் ஈரக்காற்று வியர்த்து நீராகும். வெளியே கடற்காற்றின் உப்பு. டொரண்டோவில் பனிக்காகத் தெருவில் கொட்டுகிற உப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

"வெல்டிங் வைத்தால் என்ன நானா?" என்று கேட்டேன். வீடியோ பார்த்த அறிவு.

கீழேயிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "வெறும் டாங்கிதான் தம்பி வெடிக்கும். கழட்டி, கழுவி, தண்ணி நிரப்பி, உள்ள ஆவி இல்லன்னு ஆன பிறகுதான் நெருப்புக் காட்டணும். அது வீட்டு வாசல்ல செய்ற வேலை இல்ல."

பிறகு பேச்சில்லை. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். நான் வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்த வயர் பல்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெயில் வெளிச்சத்திலேயே வேலை பார்த்தார். கீழேயுள்ள நட்டைத் திறந்து, தரையில் வைத்த இரும்புக் கேனுக்குள் பெற்றோலை இறக்கினார். ஈரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. ஓட்டைக்குக் கீழே மட்டம் இறங்கினால்தான் வேலை. சவர்க்காரத்தைச் சுரண்டி, தகடு மினுங்கும்வரை சான்ட் பேப்பர் போட்டு, தின்னரால் துடைத்தார். அதற்கே முக்கால் மணி நேரம். இரண்டையும் கலந்தால் இறுகுகிற இரட்டைப் பசையை (எபொக்சி) சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து மடிப்பில் அப்பியதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நானாக இருந்தால் நேரத்தை அப்படியே மாற்றிச் செலவழித்திருப்பேன்.

கூலியும் பசையுமாக 6,000 ரூபாய். "ராவைக்குத் தொடாதீங்க. இது ஆறு மாசத்துக்குத்தான், அதுக்குள்ள டாங்கியைக் கழட்டிக் காட்டுங்க" என்றார். அத்தான் பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை அக்கா இருபது வருடமாகப் பார்த்து வருகிறாள்.

மறுநாள் பெற்றோலைத் திரும்ப ஊற்றி, கீழே பழைய பத்திரிகை விரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தோம். தாள் காய்ந்தபடியே இருந்தது. மீதிச் சவர்க்காரத்தை அக்கா டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டாள்.