இலவம்பஞ்சு மெத்தை முதல் துணி நாப்பி வரை: நான்கரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மூத்த மகள் பிறப்பதற்கு இரண்டு மாதங்கள் இருந்தபோது, ஈரோட்டில் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையைக் குழந்தைக்கென ஒழித்து வைத்தோம். பத்துக்குப் பதினோரு அடி அறை. கிழக்கே ஒரு சன்னல். அதற்குள் வரும் பொருள்கள் இயன்றவரை பருத்தி, மரம், கோரை, பஞ்சு, சுண்ணாம்பு ஆகியவற்றால் ஆனவையாகவோ, ஏற்கெனவே யாரேனும் பயன்படுத்தியவையாகவோ இருக்க வேண்டும் என்று நானும் கணவரும் அப்போது முடிவு செய்தோம். இன்று மூத்தவளுக்கு நான்கரை வயது. இளையவனுக்கு இரண்டு முடிந்துவிட்டது. இவ்வகைப் பொருள்களைப் பற்றி நான் படித்த அனுபவக் குறிப்புகளில் பெரும்பாலானவை வாங்கிய ஒரு மாதத்துக்குள் எழுதப்பட்டவை. ஆனால் இவற்றின் உண்மையான குணம் இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தெரியவருகிறது என்பதால், எது தாங்கியது, எது தாங்கவில்லை, எதைப் பராமரிக்க யாருடைய கை தேவைப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் தவறு அங்கேதான் நடந்தது. அறையில் முன்பே எமல்ஷன் பூசப்பட்டிருந்தது. அதன் வாடையும் வேதிப்பொருளும் குழந்தைக்கு வேண்டாம் என்று எண்ணி, அதன் மேலேயே கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னோம். பெயின்டர் இரண்டு முறை தடுத்தார், நாங்கள் கேட்கவில்லை. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகிக் கல்லாகிறது, அதற்கு முன் அது சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கியாக வேண்டும். எமல்ஷன் படலமோ அந்தத் துளைகளை மூடிவிடுகிறது. இரண்டாம் மாதத்தில் சுவர் அப்பளம்போல் உப்பி உரியத் தொடங்கியது. பிறகு எமல்ஷனையும் அதற்கடியில் இருந்த பட்டிப் பூச்சையும் சுரண்டி எடுத்து, சிமென்ட் பூச்சு தெரிந்த பிறகே, பசைக்கு வஜ்ஜிரம் என்னும் கோந்து சேர்த்து மூன்று பூச்சு சுண்ணாம்பு அடித்தோம். ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால், அந்தப் பத்து நாள்களும் குழந்தையை என் அம்மா வீட்டில் வைத்திருந்தோம்.

அதன் பின் நான்கு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. பக்கத்து அறையின் வடக்குச் சுவரில் ஆண்டுதோறும் வரும் பூஞ்சைக் கறை இந்த அறையில் ஒரு முறைகூட வரவில்லை. குறை என்றால், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் வெள்ளை ஒட்டும். குழந்தைகள் சுவரில் கிறுக்கினால் துடைக்க முடியாது, மேலே இன்னொரு பூச்சு அடிக்கத்தான் வேண்டும்; அதை நானே செய்கிறேன், அரை மணி நேர வேலை. சொந்த வீடு இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது தவறு கட்டில். என் கணவர் குழந்தையாக இருந்தபோது படுத்த, நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட தேக்குத் தொட்டில் கட்டில் பரணில் இருந்தது. பழையதை மீண்டும் பயன்படுத்துவதைவிடச் சிறந்தது என்ன இருக்கிறது என்ற மகிழ்ச்சியில், அதன் பச்சை எனாமலை அவர் கூடத்திலேயே உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்தும் விதிகள் 2016இல்தான் வந்தன. 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் உள்ளன. அதற்கு முந்தைய எனாமலில், அதிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் பெருமளவில் இருந்திருக்கலாம். அதை உலர் நிலையில் தேய்ப்பது ஈயத் தூளைக் காற்றில் பறக்கவிடுவதற்குச் சமம். பெயின்ட் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் அன்று மாலை வந்து பார்த்துப் பதறிப்போனார். கூடம் முழுவதையும் ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தோம். கம்பிகளுக்கிடையே குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு இடைவெளியும் இருந்ததைப் பிறகுதான் அளந்து பார்த்தோம். பெயின்ட் படாத அடிப்பலகைகள் மட்டும் இன்று புத்தக அலமாரியாக இருக்கின்றன. பழையது என்பதாலேயே ஒரு பொருள் குழந்தைக்கு நல்லதாகிவிடாது என்பதை அந்தக் கட்டிலிடம் கற்றோம்.

இனி மெத்தை. நான் மிகவும் விரும்பும் பொருளும், என்னிடம் அதிகம் வேலை வாங்கிய பொருளும் இதுவே. இலவம்பஞ்சு தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலிருந்து வந்தது. மெத்தையை எங்கள் வீட்டு மொட்டைமாடியிலேயே உட்கார்ந்து ஒரு பெரியவர் தைத்துக் கொடுத்தார். இலவ இழை உள்ளே கூடாக, காற்று நிரம்பியது. மேலே மெல்லிய மெழுகுத்தன்மை கொண்டது. அதனால்தான் ஒரு காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளில் அதை அடைத்தார்கள், அதனால்தான் ஏப்ரல் மாத இரவிலும் மெத்தை சூடேறுவதில்லை. ஆனால் அந்தக் கூடு நாள்பட நசுங்கும். எட்டாவது மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்களில் பஞ்சு உருண்டைகளாகத் திரண்டுவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்து அவரை அழைத்தபோது, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பஞ்சுன்னா அப்படித்தானுங்க அம்மிணி. வருசம் ஒருக்கா பிரிச்சு வெயில்ல போடோணும். வெயிலு பட்டாத்தான் அது மறுக்கா மூச்சு வுடும்.”

அன்று அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, பஞ்சை ஒரு பழைய சேலையின் மேல் கொட்டி, இன்னொரு மெல்லிய சேலையால் மூடி, நான்கு முனையிலும் செங்கல் வைத்தார். மூடாவிட்டால் தெருவே வெள்ளையாகிவிடும். இரண்டு மணி நேரம் காய்ந்ததும், மூங்கில் குச்சியால் துணியின் மேலிருந்தே தட்டினார். தட்டத் தட்ட, தரையோடு தரையாகக் கிடந்த சேலை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. முக்கால் கிலோ புதுப் பஞ்சு சேர்த்து மறுபடி தைத்தார். மெத்தை புதிதாகவே ஆகிவிட்டது.

இரண்டு எச்சரிக்கைகள். கைக்குழந்தைக்கு இது ஏற்றதன்று. முதல் ஆண்டில் அமுங்காத, தட்டையான படுக்கையே வேண்டும் என்று குழந்தை மருத்துவர் உறுதியாகச் சொன்னதால், ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் பிள்ளைகளை இதில் படுக்கவைத்தோம். மற்றொன்று, இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது. ஒரு முறை உள்ளே சிறுநீர் இறங்கினால் நாற்றம் போகாது. எனவே பிளாஸ்டிக்கே கூடாது என்று தொடங்கிய நாங்கள், மெத்தைக்கும் விரிப்புக்கும் நடுவே ரப்பர் ஷீட் போட்டோம். இதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை. மெத்தையை இதுவரை காப்பாற்றியது அந்த ஷீட்தான்.

மேலே விரிப்பது சென்னிமலைக் கைத்தறிப் போர்வை. கீழே தரையில் பவானி ஜமுக்காளம். இரண்டையும் பற்றிப் புகார் சொல்ல ஒன்றுமில்லை. ஜமுக்காளத்தில் மூத்தவள் ஒரு கிண்ணம் ரசத்தைக் கவிழ்த்திருக்கிறாள், கறை இருக்கிறது, துணி அசையவில்லை. கோரைப்பாய் அப்படியன்று, மழைக்காலத்தில் சுருட்டி நிறுத்தியிருந்த பாயில் கரும்புள்ளி விழுந்து ஒன்றைத் தூக்கி எறிய நேர்ந்தது. நனைந்தால் நிழலில், காற்றில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் கோரை மொறுமொறுப்பாகி ஒடிகிறது. திருமணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் ஒன்று இருக்கிறது, அதைப் பிள்ளைகள் கண்ணில் காட்டுவதே இல்லை.

துணி நாப்பிக்கு வருகிறேன். அப்பாவின் பழைய நாலு முழ வேட்டிகளைக் கிழித்து மடித்தவை முப்பது. கடையில் வாங்கிய, பித்தான் வைத்த பை வகை பதினெட்டு. வேட்டித் துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். கடை நாப்பியின் உறிஞ்சு பட்டை முழு நாள் எடுக்கும். அந்தப் பட்டைகளை “மூங்கில்” என்று விற்றார்கள். சீட்டைத் திருப்பிப் பார்த்தால் விஸ்கோஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது. மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருள்களில் கரைத்து இழுக்கும் செயற்கைப் பட்டு வகையே அது. அதற்கு மூங்கிலின் பெயரால் கூடுதல் விலை கொடுத்தது வருத்தமே. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் ஆறு மாதத்தில் பட்டைகள் அட்டையாக விறைத்தன. மென்மையாக்கும் திரவம் ஊற்றினேன். அது இழையின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனையே கெடுத்துவிட்டது. கொதிநீரில் அலசி, மழைநீரில் ஊறவைத்த பிறகுதான் பழைய நிலைக்கு வந்தன. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் முயன்று பார்த்தேன். பட்டுச் சேலைக்கு அருமை, நாப்பிக் கறைக்குப் போதவில்லை, மூன்றாம் நாளே புளித்தும் போகிறது.

துணி நாப்பி கட்டாயம் சூழலுக்கு நல்லது என்று எழுதுவோருக்கு ஒரு செய்தி. பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு டிஸ்போசபிள் டயப்பரின் கரியமிலக் கணக்கு, அதாவது அதனால் வெளியாகும் கரியமில வாயு, சுமார் 550 கிலோ. துணி நாப்பியின் சராசரி 570 கிலோ. வேறுபாடு துவைப்பதிலும் உலர்த்துவதிலும்தான். இயந்திரத்தை நிரப்பித் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் துணி நாப்பியின் கணக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. எங்களுக்கு மொட்டைமாடியும் கொங்கு வெயிலும் இருந்தன, இரண்டாவது பிள்ளையும் பிறந்தான். ஆகவே கணக்கு எங்கள் பக்கம் சாய்ந்தது. மாடி இல்லாத அடுக்ககத்தில், மின் உலர்த்தியை நம்பியிருப்பவர்களுக்கு அது சாயாது. நாங்களும் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் டிஸ்போசபிள்தான் போட்டோம்.

அந்தக் கணக்கில் கைகளும் இல்லை. முதல் மூன்று மாதங்கள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு துணிகளுக்குக் குறையாமல் என் அம்மா அலசினார். பிறகு நான், நான் வேலைக்குத் திரும்பியதும் என் கணவர். ஒரு நாள் அம்மாவின் விரலிடுக்கில் புண்ணைப் பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுவதும் டயப்பர் வாங்கினோம். வீட்டில் யார் துவைக்கப்போகிறார்கள் என்பதைப் பேசி முடிக்காமல் துணி நாப்பி வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உடைகளில் புதிதாக வாங்கியவை மிகக் குறைவு. முதல் உடுப்பு பழந்துணியாக இருக்க வேண்டும் என்ற வழக்கம் எங்கள் இரு வீட்டிலும் உண்டு. என் பாட்டியின் நைந்த சுங்குடிச் சேலைதான் இருவருக்கும் முதல் துணி, அதுவே இருவருக்கும் தூளி. வாங்கிய ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: “இயற்கைச் சாயம்” என்று விற்ற மஞ்சள் நிற ஜிப்பா. மஞ்சள் கிழங்கின் நிறமி காரம் பட்டால் செம்மையாகும் என்பது குங்குமம் செய்பவர்களுக்குத் தெரியும். சலவைத்தூளில் போட்ட முதல் நாள் தோள்பட்டையெல்லாம் சிவந்து, அடித்துவிட்டார்களா என்று அக்கம்பக்கத்தில் கேட்கும் நிலை. அலசியதும் மஞ்சள் திரும்பியது, ஆனால் அந்த நிறமி வெயிலையும் தாங்காது. ஒரே மாதத்தில் சட்டை வெளுத்த பனியனாகிவிட்டது. அதை விற்றவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சாயத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதற்குக் காரணம் ஊர். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நீர் எப்படிக் கெட்டது என்பதை இப்பகுதியில் எல்லாரும் அறிவார்கள்; 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிடும் அளவுக்கு அது போனது. ஆகவே துணியில் “ஆர்கானிக் பருத்தி” என்று மட்டும் இருந்தால் அது வயலைப் பற்றிய பேச்சு. சாயத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிகளுக்கான பன்னாட்டுத் தரச்சான்று) முத்திரை இருந்தால், சாயம், கழிவுநீர், வேலைச்சூழல் ஆகியவையும் சோதனைக்கு உட்பட்டிருக்கும். ஆர்கானிக் இழை குறைந்தது 70 விழுக்காடு, “ஆர்கானிக்” என்றே குறிப்பிட 95 விழுக்காடு இருக்க வேண்டும். நாங்கள் பெரும்பாலும் சாயமே ஏற்றாத வெள்ளைத் துணியை வாங்கினோம்.

பொம்மைகளில், வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிய, கர்நாடகத்தின் சன்னபட்டணா உருளைகள் இரண்டு பிள்ளைகளின் பற்களையும் தாண்டி நிற்கின்றன. தண்ணீரில் ஊறவிட்ட ஒன்று மட்டும் விரிசல் விட்டது.

கடை நாப்பி பதினெட்டில் ஏழின் ஓர ரப்பர் தளர்ந்துவிட்டது. மீதியைத் தங்கையின் வளைகாப்புக்குப் பிறகு அவளுக்குக் கொடுத்துவிட்டேன். வேட்டித் துணிகள் அடுப்படியில் கரித்துணியாக இன்னும் உழைக்கின்றன. மெத்தையைப் பிரித்துக் காயப்போட வேண்டிய பருவம் இது. சென்ற மாதம் அந்தப் பெரியவரை அழைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று தொழிலை விட்டுவிட்டாராம், மகன்கள் இருவரும் இந்த வேலைக்கு வரவில்லை. தையலைப் பிரிப்பதையும் தட்டுவதையும் நானே செய்துவிட்டேன். ஓரம் பிசகாமல் மறுபடி தைப்பதற்கு மட்டும், கருங்கல்பாளையம் பக்கம் ஒருவர் இருப்பதாகச் சொல்கிறார்கள், விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.